உப்புக்காத்துல 'பசுமை வீடு': சோலார் பேனல் மாட்டினா மட்டும் போதுமா? மரக்காணம் கரையில் கவனிக்க வேண்டியது என்ன?

கடற்கரையோரப் பழைய காங்கிரீட் வீடுகள்ல இதைப் பார்த்திருப்பீங்க: சீலிங் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் மாதிரி உப்பளப் பகுதியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பசுமைக் கட்டடம்னாலே சோலார், மாடித்தோட்டம்னுதான் நினைக்கிறோம். ஆனா சில வருஷத்துலயே இடிச்சுட்டுத் திரும்பக் கட்டினா, சிமென்ட், மணல், கம்பி எல்லாமே ரெண்டு தடவை செலவு. அதனால இந்தக் கரையில் முதல் விதி, வீடு நீடிச்சு நிக்கணும்.

கம்பி ஏன் துருப்பிடிக்குது?

சிமென்ட்டின் காரத்தன்மை, கம்பி மேல ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உருவாக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைச்சிடும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், உள்ளேயிருந்து தள்ளி காங்கிரீட்டை வெடிக்க வைக்கும்.

காத்து மட்டுமே காரணம் இல்லை. உப்பான போர் தண்ணியில கலவை போட்டா, துருவை நாமே உள்ளே வெச்சு மூடுற மாதிரி. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456-ன்படி, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. கம்பிக்கு மேல் 'கவர்' உலர்ந்த, பாதுகாப்பான இடங்களில் 20 மி.மீ. என்றால், கடலோரச் சூழலில் 45 மி.மீ. காங்கிரீட் தரமும் எம்30-க்குக் குறையக் கூடாது.

ஆரோவில் செம்மண் கல் இங்கே எடுபடுமா?

ஈ.சி.ஆரில் தெற்கே போனால் ஆரோவில். அங்கே செம்மண்ணில் சுமார் 5% சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்றாங்க. சூளையே கிடையாது, விறகு மிச்சம். இப்படிக் கட்டப்பட்ட ஆரோவில் பார்வையாளர் மையம், 1992-ல் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கான ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. மண் எடுத்த பள்ளத்தையும் சும்மா விடுவதில்லை, மழைநீர்த் தொட்டியாக்குறாங்க.

ஆனா உப்பளக் களிமண்ணில் இதை அப்படியே செய்ய முடியாது. ஈரத்தோடு சுவரில் ஏறும் உப்பு, காயும்போது படிகமாகி கல்லையே உதிர்த்துவிடும். வெளியிலிருந்து செம்மண் லாரியில் வந்தால், எந்த ஊர்ல பள்ளம் விழுதுன்னும் கேட்கணும்.

பக்கத்து வீட்டுக்குப் போகும் தண்ணீர்

2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி மரக்காணத்தை ஒட்டித்தான் இருக்கு. சுற்றுவட்டார மழைநீர் அதில் சேர்ந்துதான் கடலுக்குப் போகும். தாழ்வான மனையில் மண் கொட்டி மேடாக்கினா நம்ம வீடு தப்பிக்கும். தண்ணி பக்கத்துக் குடிசைக்குள்ள போகும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. தூண்கள் மேல வீட்டை உயர்த்தி, கீழே தண்ணிக்கு வழி விடலாம். செலவு கூடும், ஆனா அந்தச் செலவு கட்டுறவரோடது.

ஏழை வீட்டுக்கு யார் தருவது?

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுது; காங்கிரீட் தளம் கட்டாயம். 45 மி.மீ. கவர், எம்30 கலவை, கலவைக்கும் கியூரிங்குக்கும் லாரியில் நல்ல தண்ணி. இதெல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கணும் என்பதுதான் உப்பளத் தொழிலாளிக்கு இருக்கும் சிக்கல்.