நாற்காலி ஊரும் மூக்குப் புற்றுநோயும்

மூக்கடைப்பு என்றால் யாரும் பயப்படுவதில்லை. ஜலதோஷம் என்று ஆவி பிடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்து, அதில் அடிக்கடி ரத்தமும் வந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மிக அபூர்வமாக அது மூக்கின் உள்ளே வளரும் புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாம். அப்படி ஒரு கட்டிக்குக் காரணம் கண்டுபிடித்த கதைதான் இது.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் என்று ஓர் ஊர். சுற்றிலும் பீச் மரக் காடுகள். அதனால் நாற்காலி செய்வதே ஊரின் முக்கியத் தொழிலாக இருந்தது. அந்த ஊர் கால்பந்து அணிக்குக்கூட 'நாற்காலிப் பையன்கள்' என்றுதான் பட்டப்பெயர்!

1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்தவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற பெண்மணி. மூக்கில் புற்றுநோய் வருவதே அரிது. அதிலும் சுரப்பித் திசுவில் தொடங்கும் 'அடினோகார்சினோமா' இன்னும் அரிது. ஆனால் அந்தச் சின்ன ஊரில் அதே வகை நோயாளிகள் மீண்டும் மீண்டும் வந்தார்கள். கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நோயின் பெயர் தெரிந்துவிடும். காரணம் தெரியாதே! நோயாளிகள் என்ன வேலை செய்தவர்கள் என்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெரும்பாலானவர்கள் மரச்சாமான் தொழிலாளர்கள்.

டொனால்ட் அச்செசன் முதலியவர்களுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மரம் அறுக்கும்போதும் இழைக்கும்போதும் பறக்கும் நுண்ணிய தூள் மூக்கின் மேல்பகுதியில் படிகிறது. நோய் தலைகாட்டப் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் பலர் வேலையிலிருந்தே ஓய்வு பெற்றிருப்பார்கள். பிறகு யார்தான் பட்டறையை நினைத்துப் பார்ப்பார்கள்?

1969-ல் பிரிட்டன் அரசு இதைத் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதனால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் உதவித்தொகை கேட்க வழி பிறந்தது. 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்தது.

நோயாளியிடம் அவருடைய தொழிலையும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1700-லேயே எழுதிவிட்டார். இன்று எண்டோஸ்கோப், சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் வந்துவிட்டன. கட்டி எங்கே, எவ்வளவு பெரியது என்று அவை காட்டும். நாற்பது வருடம் பட்டறையில் நின்றவர் என்பதை மட்டும் கேட்டால்தான் தெரியும். அந்தக் கேள்விக்குப் பைசா செலவில்லை.