டிரையத்லான்: ரேஸ் தொடங்கிய பிறகு கோச் என்னதான் செய்ய முடியும்? தொட்டாலே தகுதி நீக்கம் ஏன்?

கிரிக்கெட்டில் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவரும் 12-வது வீரர், கோச் சொல்லி அனுப்பிய செய்தியையும் சேர்த்தேதான் கொண்டுவருவார். கபடியில் டைம் அவுட் உண்டு. கால்பந்தில் ஒருவர் சரியாக ஆடவில்லை என்றால் ஆளையே மாற்றிவிடலாம். குத்துச்சண்டையில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவே 1 நிமிடம் கோச்சுக்குச் சொந்தம்.

டிரையத்லானில் இது எதுவுமே கிடையாது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்றும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து நடக்கும். ஹாரன் அடித்ததும் கோச் வேலிக்கு வெளியே போய்விட வேண்டும். மாதக்கணக்கில் அதிகாலை 5 மணிக்கு எழுப்பிப் பயிற்சி கொடுத்தவர், கண்ணெதிரே தன் வீரர் தள்ளாடினாலும் கையைப் பிடிக்க முடியாது. பிடித்தால் அது வெளியாள் உதவி. வீரருக்குத் தகுதி நீக்கம் வரை போகும்.

அப்படியென்றால் அந்த கோச் அங்கே நின்று என்னதான் செய்கிறார்?

முதலில் தூரக் கணக்கு

ஒலிம்பிக்கில் நடப்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். முன்னணி ஆண்கள் இதை ஏறத்தாழ 1 மணி 45 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு முதன்முதலில் சேர்க்கப்பட்டது. இதில் பாதி தூரம் கொண்டது ஸ்பிரின்ட். இன்னொரு பக்கம் அயர்ன்மேன் இருக்கிறது. அதில் 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு ஒரு முழு மாரத்தான், அதாவது 42.2 கி.மீ. ஓட வேண்டும்.

கரையில் நிற்கும் கோச்சுக்குத் தெரிவது தொப்பிகள் மட்டும்தான்

நீச்சலின்போது கோச் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. 50-க்கும் மேற்பட்ட தலைகள், எல்லாருக்கும் ஒரே மாதிரி தொப்பி, நுரை. கத்தினாலும் கேட்காது. ஆனால் அவர் ஒன்றைக் கவனமாக எண்ணிக்கொண்டிருப்பார்: முன்னால் போகும் கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே எத்தனை வினாடி?

சைக்கிள் பகுதியில் ஒருவர் பின்னால் இன்னொருவர் ஒட்டிப்போவதை ஒலிம்பிக் விதி அனுமதிக்கிறது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருகிறவருக்குக் கணிசமான வேலை மிச்சம். பேருந்துக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்கு இது புரியும் (ஆபத்தான பழக்கம், செய்ய வேண்டாம்!). அதனால் தண்ணீரிலிருந்து 20 வினாடி தாமதமாக வெளியே வந்து முதல் கூட்டத்தைத் தவறவிட்டால், தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்த 20 வினாடி, சைக்கிள் முடியும்போது 1 நிமிடத்தையும் தாண்டலாம். ஆக, 10 கி.மீ. ஓட்டம் எப்படி அமையும் என்பது கரையில் நிற்கும் கோச்சுக்கு ஓரளவு அப்போதே தெரிந்துவிடும். அதை வீரரிடம் சொல்லத்தான் வழியில்லை.

கோச்சுக்குக் கிடைப்பது 3 வினாடி

பெரிய சைக்கிள் பந்தயங்களில் வீரர்களின் காதில் ரேடியோ இருக்கும், கார்களில் வரும் டீம் மேனேஜர் பேசிக்கொண்டே இருப்பார். டிரையத்லானில் அது கிடையாது. சர்வதேசப் போட்டிகளில் கோச்சுகளுக்கென்று ஓரிடம் ஒதுக்குவார்கள். இல்லாவிட்டால் ரசிகர்களோடு ரசிகராக வேலியோரம் நிற்க வேண்டியதுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. முன்னணி வீரர்களின் சைக்கிள் வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல். அதாவது வினாடிக்கு 11 மீட்டர். கூட்டத்தின் சத்தத்தில் கோச்சின் குரல் 30 மீட்டருக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், அவருக்குக் கிடைப்பது 3 வினாடிக்கும் குறைவு. ஓட்டத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் 5 அல்லது 6 வினாடி. பாதை பெரும்பாலும் சுற்றுகளாக இருக்கும் என்பதால், 10 கி.மீ. ஓட்டத்தில் நாலு தடவை அவர் முன்னால் வீரர் கடந்துபோவார். மொத்தமாகச் சேர்த்தாலும் அரை நிமிடப் பேச்சு வராது.

அந்த 3 வினாடியில் என்ன சொல்வது என்பதில்தான் அனுபவம் தெரியும். "கமான், கமான்" என்பதைப் பக்கத்தில் நிற்கும் எல்லாருமே கத்துகிறார்கள். கோச் சொல்ல வேண்டியது, வீரரால் தானாகப் பார்க்க முடியாத விஷயம். முன்னால் இருப்பவருக்கும் இவருக்கும் 12 வினாடி இடைவெளி. போன சுற்றில் அது 18. பின்னால் 3 பேர் சேர்ந்து வருகிறார்கள். இப்படி எண்களாகச் சொல்ல வேண்டும். அதற்காகவே பல கோச்சுகள் ஒரு கம்பத்தையோ மரத்தையோ குறியாக வைத்துக்கொண்டு, முன்னணி வீரர் அதைத் தாண்டியதும் ஸ்டாப்வாட்சை அழுத்துவார்கள்.

வினாடிகள் அவ்வளவு முக்கியமா என்றால், ஆம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் பிரிவில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்டு ஓட்டத்தில் முன்னால் போய்விட்டார். தங்கம் அவருக்குத்தான் என்று பலர் நினைத்த நேரத்தில், பிரிட்டனின் அலெக்ஸ் யீ கடைசிச் சில நூறு மீட்டரில் எட்டிப்பிடித்துத் தாண்டினார். வித்தியாசம் வெறும் 6 வினாடி.

பஞ்சர் ஆனால்?

கோச் ஓடிப்போய் வீல் மாற்றித் தர முடியாது. வீல் வைப்பதற்கென்று பாதையில் குறிப்பிட்ட இடங்கள் உண்டு. அங்கே முன்கூட்டியே மாற்று வீலை வைத்துவிடலாம். வீரர் அதுவரை உருட்டிக்கொண்டோ மிதித்துக்கொண்டோ போய்ச் சேர வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனுக்கு இது நடந்தது. சைக்கிள் பகுதி முடியப்போகும் நேரத்தில் டயர் காற்று போய்விட்டது. நின்று மாற்றாமல் அப்படியே மிதித்தே வந்துவிட்டார். கிட்டத்தட்ட 20 வினாடி பின்தங்கி ஓட்டத்தைத் தொடங்கியவர், வெள்ளிப் பதக்கத்தோடு முடித்தார். தங்கம் பெர்முடாவின் ஃபுளோரா டஃபிக்கு. அந்தக் குட்டித் தீவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். நிற்பதா, மிதிப்பதா என்ற முடிவை எடுக்க அவருக்கு இருந்தது சில நொடிகள். அந்த நேரத்தில் கேட்டுச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

பெனால்டி போர்டைப் பார்க்கும் வேலை

ஹெல்மெட் கிளிப்பை மாட்டிய பிறகுதான் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்க வேண்டும். திரும்ப வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏறி உட்கார வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். இதயம் நிமிடத்துக்கு 180 தடவை துடிக்கும்போது செய்து பார்த்தால்தான் தெரியும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜானி பிரவுன்லீ கோட்டுக்கு முன்பே சைக்கிளில் ஏறியதற்காக 15 வினாடி பெனால்டி வாங்கினார். ஓட்டத்தின் நடுவே பெனால்டி பாக்ஸில் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றும் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தங்கம் அவருடைய அண்ணன் அலிஸ்டர் பிரவுன்லீக்கு. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் ஹேடன் வைல்டுக்கும் இதே கதிதான். ஹெல்மெட்டை முன்கூட்டியே கழற்றியதால் 10 வினாடி போனது, தங்கமும் அலெக்ஸ் யீ கைக்குப் போனது.

யாருக்குப் பெனால்டி என்பதை ஒரு போர்டில் எழுதிப்போடுவார்கள். ஓட்ட மும்முரத்தில் வீரர் அதைக் கவனிக்காமல் போக வாய்ப்பு உண்டு. நிற்காமலே ஃபினிஷ் கோட்டைத் தாண்டினால் தகுதி நீக்கம். எந்தச் சுற்றில் நிற்பது என்பது வீரரின் விருப்பம் என்பதால், அதையும் வேலியோரத்திலிருந்து கோச் கத்திச் சொல்லலாம். அவர் குரலுக்கு உண்மையிலேயே வேலை வரும் இடங்களில் இது ஒன்று.

கோசுமெல்: தொடலாமா, கூடாதா?

2016 செப்டம்பர், மெக்சிகோவின் கோசுமெல் தீவு. உலகத் தொடரின் கடைசிப் போட்டி, கடும் வெயில், புழுக்கம். ஜானி பிரவுன்லீ முன்னணியில் இருந்தார். ஜெயித்தால் உலகப் பட்டமே கிடைக்கும் நிலை. ஃபினிஷுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது கால்கள் பின்னத் தொடங்கின. வளைந்து வளைந்து ஓடி, பாதையோரம் சாய்ந்துவிட்டார்.

பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டே ஓடினார். இதற்குள் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் இருவரையும் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். கோட்டுக்கு அருகே வந்ததும் அலிஸ்டர் தம்பியை முன்னால் தள்ளிவிட்டார். ஜானிக்கு 2-வது இடம், தனக்கு 3-வது. 5-வதாக வந்த ஸ்பெயினின் மரியோ மோலா, வெறும் 4 புள்ளி வித்தியாசத்தில் உலகச் சாம்பியன் ஆனார்.

இந்த வீடியோவை நீங்களும் வாட்ஸ்அப்பில் "பாசமலர்" பாட்டோடு பார்த்திருக்கலாம். ஆனால் ஸ்பெயின் தரப்பு புகார் கொடுத்தது. புகார் நிராகரிக்கப்பட்டது. காரணம், அன்றைய விதியில் சக போட்டியாளர் உதவுவதற்குத் தடை இல்லை. அதன் பிறகு விதி இறுகியது. இப்போது ஒருவர் இன்னொருவரைப் பிடித்து முன்னே நகர்த்தினால் இருவருக்குமே தகுதி நீக்கம்.

அந்த இடத்தில் அண்ணனுக்குப் பதிலாக கோச் தூக்கியிருந்தால்? 2016-லேயே கதை முடிந்திருக்கும். அவர் வெளியாள்.

இந்தக் கண்டிப்பு அண்ணன்-தம்பி பாசத்தோடு நிற்கவில்லை. 2019-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் சோதனைப் போட்டியில், ஜெசிகா லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் என்ற இரு பிரிட்டன் வீராங்கனைகள் கைகோத்தபடி முதலிடத்தில் கோட்டைத் தாண்டினார்கள். வேண்டுமென்றே சமமாக முடித்ததாக இருவரும் நீக்கப்பட்டார்கள். கொஞ்சம் ஓவர்தான் என்று தோன்றலாம். தனிநபர் போட்டி என்றால் கடைசி மீட்டர் வரை தனிநபர்தான் என்பது அமைப்பாளர்களின் நிலைப்பாடு.

சரி, உயிருக்கே ஆபத்து என்றால்?

இங்கேதான் கோச்சின் நிஜமான சோதனை. கடும் உழைப்பில் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, நடையும் பேச்சும் குழறினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வெறும் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது. உடனே குளிர்ந்த நீரில் உடலை அமிழ்த்தி வெப்பத்தை இறக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்கு அடுத்துதான்.

வீரரைப் போட்டியிலிருந்து விலக்கும் அதிகாரம் மருத்துவக் குழுவுக்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு அந்த வீரர் முன்பின் தெரியாதவர். அவர் சாதாரணமாக எப்படி ஓடுவார், தோளை எப்படி வைத்திருப்பார், களைத்தால் தலை எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் கோச்சுக்குத்தான் தெரியும். கோணல் தெரிந்ததும் மருத்துவக் குழுவிடம் ஓடிப்போய்ச் சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. பக்கத்தில் மருத்துவர்கள் இல்லை, வீரர் சாய்ந்துவிட்டார் என்றால் பிடிக்கத்தான் வேண்டும். போவது ஒரு ரிசல்ட்தானே.

இதற்கு நேர் எதிரான படம் ஒன்றும் உண்டு. 1982 ஹவாய் அயர்ன்மேனில் முன்னணியில் இருந்த ஜூலி மாஸ், கோட்டுக்குச் சற்று முன் விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டி ஜெயித்தார். ஜூலி யார் கையும் படாமல் தவழ்ந்தே வந்து 29 வினாடி கழித்துக் கோட்டைத் தொட்டார். டிவியில் பார்த்த அமெரிக்கர்கள் பலருக்கு இந்த விளையாட்டு அறிமுகமானதே அந்தக் காட்சியில்தான்.

உதவி செய்ய அனுமதி உள்ள இடம்

பாரா டிரையத்லானில் கணக்கு வேறு. பார்வைக் குறைபாடு உள்ள வீரருடன் வழிகாட்டி ஒருவர் கூடவே நீந்தி, இருவர் மிதிக்கும் சைக்கிளில் முன்னால் அமர்ந்து, கயிற்றால் இணைந்து ஓடுவார். சக்கர நாற்காலிப் பிரிவில், உடை மாற்றவும் வண்டி மாறவும் உதவ ஹேண்ட்லர் உண்டு. அங்கேயும் எல்லை உண்டு. வழிகாட்டி வீரரை இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது.

கலப்பு ரிலேயில் கோச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் அதிகாரம். 2 ஆண்கள், 2 பெண்கள் கொண்ட அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை எந்த இடத்தில் இறக்குவது என்ற முடிவு. அதுவும் போட்டிக்கு முன்பே முடிந்துவிடும். பாரிஸில் பிரான்ஸ் அணியின் முதல் வீரர் பியர் லெ கோர் சைக்கிளில் விழுந்தார். சொந்த மண்ணில் அந்த அணி 4-வது இடத்தில் முடித்தது.

மொபைலில் நகரும் புள்ளியை நம்பலாமா?

அயர்ன்மேன் போட்டிகளில் ஒரே கோச்சின் மாணவர்கள் பலர் ஓடுவார்கள். சாதாரண வீரர்கள் முடிக்க 17 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் கோச்சும் குடும்பத்தாரும் பார்ப்பது ஆப்பில் நகரும் புள்ளியைத்தான். இதில் ஒரு சிக்கல். காலில் கட்டிய சிப், பாதையில் விரித்துள்ள மேட்டைத் தாண்டும்போதுதான் உண்மையான நேரம் பதிவாகும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவே புள்ளி நகர்வது பெரும்பாலும் பழைய வேகத்தை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. வீரர் பஞ்சராகி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாலும் புள்ளி ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த மேட்டில் நேரம் வராதபோதுதான் இங்கே பதற்றம் தொடங்கும்.

இந்தியாவிலிருந்து பாரிஸ் 2024 வரை யாரும் ஒலிம்பிக் டிரையத்லானுக்குத் தகுதி பெற்றதில்லை. ஆனால் அயர்ன்மேனில் பாதி தூரம் கொண்ட 70.3 போட்டி 2019-ல் கோவாவுக்கு வந்த பிறகு, ஐடி ஊழியர்கள், டாக்டர்கள் என்று பலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது போனால், வேலியோரம் நிற்பது அநேகமாக நீங்கள்தான். கூடவே ஓடாதீர்கள், சைக்கிளில் பக்கத்தில் போகாதீர்கள், இளநீர் நீட்டாதீர்கள். மூன்றுமே அவரை வெளியேற்றிவிடலாம். அதற்கென்று உள்ள பந்தலில் தன்னார்வலர்கள் தண்ணீர் கொடுப்பார்கள். கத்தலாம், தாராளமாகக் கத்தலாம். 8 கி.மீ. பாக்கி இருக்கும்போது "இதோ முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். 8 என்றால் 8 என்றே சொல்லுங்கள். அவர் அதை வைத்துத்தான் தண்ணீரும் ஜெல்லும் கணக்குப் போட்டு ஓடிக்கொண்டிருப்பார்.