வலை ஆவணங்களில் விளக்கப்படம்: எஸ்விஜி நிலைபெற்ற வரலாறு

தொழில்நுட்ப ஆவணங்களை வலையில் எழுதுவோர் விளக்கப்படத்துக்கு இன்று பெரும்பாலும் எஸ்விஜி கோப்பையே நாடுகிறார்கள். இந்த இடத்தைப் பிடிக்க அந்த வடிவத்துக்கு 1998 முதல் 2011 வரை 13 ஆண்டுகள் பிடித்தன. உலாவிகள் அதை ஏற்கத் தயங்கியதே இத்தாமதத்துக்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்ககால வலைப்பக்கங்களில் படம் என்றால் ஜிஃப் அல்லது ஜேபெக். 1996இல் பிஎன்ஜி சேர்ந்தது. மூன்றும் புள்ளிகளால் ஆனவை. ஒரு மின்சுற்றுப் படத்தை இவற்றில் சேமித்துப் பெரிதாக்கினால் கோடுகள் படிக்கட்டாகும், எழுத்துகள் மங்கும். கோடுகளை ஆயத்தொலைவுகளால் விவரிக்கும் கோப்புகளும் அப்போதே இருந்தன. விமானத் தொழில்துறையின் பராமரிப்புக் கையேடுகளில் பயன்பட்ட சிஜிஎம் 1987இல் ஐஎஸ்ஓ தரமாகியிருந்தது. அதன் வலைப் பதிப்பை 1999 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி பரிந்துரைத்தது. ஆனால் அது இருமக் கோப்பு. பார்ப்பதற்குச் செருகுநிரல் தேவைப்பட்டது. ஆகவே சில தொழில்துறைகளுக்கு வெளியே அது பரவவில்லை.

உரைவடிவக் குறிமொழியான எக்ஸ்எம்எல் 1.0 வெளிவந்த 1998இல், இத்தகைய படங்களுக்கு வலைக்கேற்ற மொழியை வகுக்கும் போட்டி சூடுபிடித்தது. ஏப்ரலில் அடோபி, ஐபிஎம், நெட்ஸ்கேப், சன் நிறுவனங்கள் பிஜிஎம்எல் என்ற முன்மொழிவைத் தந்தன. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட், மேக்ரோமீடியா, ஆட்டோடெஸ்க் முதலியவை விஎம்எல்லை முன்வைத்தன. டபிள்யூ3சி இரண்டையும் அப்படியே ஏற்காமல், பணிக்குழு அமைத்துப் புதிய மொழியொன்றை வகுத்தது. அதுவே 2001 செப்டம்பர் 4 அன்று பரிந்துரையான எஸ்விஜி 1.0.

தரம் வந்தும் வாசகருக்குப் படம் போய்ச் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இலேயே விஎம்எல்லைச் சேர்த்துவிட்டிருந்தது. மிகப் பலரிடம் இருந்த உலாவி அதுதான். அதில் எஸ்விஜியைப் பார்க்க அடோபியின் செருகுநிரலை நிறுவ வேண்டியிருந்தது. 2005இல் மேக்ரோமீடியாவை வாங்கியதால், எஸ்விஜிக்குப் போட்டியாக இருந்த ஃப்ளாஷ் அடோபியின் கைக்கே வந்தது. 2009 தொடக்கத்தில் எஸ்விஜி செருகுநிரலுக்கான ஆதரவு நின்றது. இக்காலத்தில் பிஎன்ஜியை விடாமல் பிடித்திருந்த ஆவண எழுத்தாளர்களைக் குறைசொல்ல முடியாது.

விக்கிமீடியா கண்ட வழி தனித்துக் குறிப்பிடத்தக்கது. மூலக்கோப்பை எஸ்விஜியாகவே வைத்துக்கொண்டு, வாசகருக்கு அனுப்பும்போது சேவையகமே அதை பிஎன்ஜியாக வரைந்து கொடுத்தது. திருத்துவோருக்கு ஒரு வடிவம், பார்ப்போருக்கு இன்னொன்று. உலாவிகளுக்காகக் காத்திராமல் படத்தின் எதிர்காலத்தைக் காத்த ஏற்பாடு இது. உலாவிகளும் மெல்ல மாறின. 2005 இறுதியில் ஃபயர்ஃபாக்ஸ் 1.5 எஸ்விஜியை நேரடியாக வரைந்தது. 2011 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9உம் ஏற்றதோடு பழைய தடை விலகியது.

எஸ்விஜி கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்தால் அதன் உண்மையான வலிமை தெரியும். ஒரு பெட்டிக்கு ஒரு வரி: எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம். அதன் கீழே ‘சேவையகம்’ என்ற பெயர் எழுத்தாகவே நிற்கும். அதை ‘தரவுத்தளம்’ என்று மாற்றினால், பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் காட்டும் வேறுபாடும் அந்த ஒரு வரிதான். உரை உரையாகவே இருப்பதை இந்த வடிவத்தின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

தமிழில் ஆவணம் எழுதுவோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். எச்டிஎம்எல்லின் பட ஒட்டு (img) வழியாகச் சேர்த்த எஸ்விஜிக்குள் பக்கத்தின் வலை எழுத்துரு செல்லாது. வாசகரின் கணினியில் உள்ள எழுத்துருவே வரும், அகலம் மாறிப் பெயர் பெட்டிக்கு வெளியே வழியும். இதற்கு அஞ்சிப் பலர் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிவிடுகிறார்கள். தோற்றம் எங்கும் ஒன்றாகிறது. ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, திரைபடிப்பான் அதை வாசிக்காது. அந்தத் தோற்றத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். எச்டிஎம்எல்5 அனுமதிப்பதுபோல் எஸ்விஜியைப் பக்கத்துக்குள்ளேயே எழுதினால் எழுத்துருவும் பொருந்தும், தேடலும் நடக்கும். தமிழ் ஆவணங்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

ஒரு குறை மட்டும் தொடர்கிறது. எஸ்விஜி 1.1இல் நீண்ட உரை தானாக அடுத்த வரிக்கு மடங்காது. எஸ்விஜி 2 வரைவு அதற்கு வழி வகுத்திருந்தாலும், எல்லா உலாவிகளிலும் அதை நம்பி எழுத முடியாது. ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ போன்ற பெயரை எந்த இடத்தில் உடைப்பது என்பதை வரைபவரே கணக்கிட்டு, ஒவ்வொரு வரிக்கும் தனி இடம் குறித்து எழுத வேண்டியிருக்கிறது.