முள்மரமும் ஊர்ப்பெயரும்

அயர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களில், வட்டமாக எழுப்பிய மண்கரையும் அதைச் சூழ்ந்த அகழியுமாகப் புல்மூடிக் கிடக்கும் பழைய அரண்கள் 40,000க்கும் மேல் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உழவர் தம் வீட்டையும் மாட்டையும் காக்க எழுப்பிக்கொண்டவை இவை என்று புதைபொருள் அறிஞர் கூறுவர். ஊர்க் கிழவரோ, அங்கே வாசம் செய்யும் தேவதைகளின் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, 'நல்லவர்கள்' என்று மட்டும் குறிப்பிட்டு (நாகத்தை நல்ல பாம்பு என்னும் நமக்கு இவ்வச்சம் விளங்காததன்று) குரலைத் தாழ்த்திக்கொள்வர். அக்கரையில் கலப்பை பட்டால் கறவை மடியும், அங்கே தனித்து நிற்கும் முள்மரத்தை வெட்டினால் கை முடங்கும் என்ற பயமே, சட்டம் ஏதும் தோன்றுமுன் அவற்றைக் காத்து நின்றது.

இவ்வரண்களுக்கு ஐரிஷ் மொழியில் 'லிஸ்' என்றும் 'ரா' என்றும் பெயர். அச்சொற்களில் தொடங்கும் ஊர்கள் அத்தீவெங்கும் மலிந்துள்ளன. வரியைச் சீராக விதிக்கும் பொருட்டு 1824இல் ஆங்கில அரசு தொடங்கிய நில அளவை, ஒரு மைலை ஆறு அங்குலமாக வரைந்து ஒவ்வொரு சிற்றூரின் பெயரையும் பொறிக்க முற்பட்டமையால், 1834 முதல் ஜான் ஓ'டோனவன் என்னும் பண்டிதர் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, முதியோரின் உச்சரிப்பைச் செவிமடுத்து, பழஞ்சுவடிகளோடு ஒப்பிட்டு, மூலப்பெயர்களை நிர்ணயித்தார். ஆயினும் படத்தில் ஏறியது மூலமன்று. ஆங்கில எழுத்தில் அதன் ஓசை மட்டுமே. ஓக் மரத்துத் தேவாலயம் என்று பொருள்படும் 'கில் தாரா' முன்னரே 'கில்டேர்' ஆகியிருந்தது. பிரிஜித் அம்மையார் மடம் நிறுவியதாகச் சொல்லப்படும் அத்தலத்தின் பெயரில் ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் தேவாலயத்தைக் காணான், கொலையைத்தான் காண்பான். சிற்றூர்ப் பெயர்களும் அவ்வழியே சென்றன.

படங்கள் முற்றுப்பெற்ற 1846இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் நாட்டைப் பிடித்திருந்தது. பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அத்துணை பேர் கப்பலேறினர். பெயர்களுக்குக் கதை சொல்லக்கூடிய ஐரிஷ் நாவுகள் பெருமளவு அவர்களோடு போயின. எஞ்சியதை 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் சிறுவர் சிறுமியர் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தனர். என் மதிப்பில், அந்நாட்டின் மெய்யான நில அளவை அந்த நோட்டுகளே.

கிளேர் மாவட்டத்து லாட்டூனில் 1999இல் புதிய சாலைக்காக ஒரு முள்மரத்தை அகற்ற முற்பட்டபோது, மன்ஸ்டர் மாகாணத் தேவதைகள் கொனாட் மாகாணத் தேவதைகளோடு பொரப் புறப்படுமுன் கூடும் இடம் அது என்று கதைசொல்லி எட்டி லெனிஹன் எதிர்த்தெழுந்தார். பொறியாளரும் மரத்தை விட்டு, சுற்றிலும் வேலியிட்டனர். 2002இல் எவனோ ஒருவன் அதன் கிளைகளை ரம்பத்தால் அறுத்தெறிந்தான். மரம் மறுபடி தழைத்தது.