ஜப்பானில் பொம்மைப் பிராணிகளும் உயிர்ப் பிராணிகளும்

சிற்றுயிர்களை வீட்டில் வைத்து வளர்ப்பது ஜப்பானில் பழைய வழக்கம். எடோ காலத்திலேயே (1603–1868) பாடும் பூச்சிகளைச் சிறு கூண்டுகளில் அடைத்துத் தெருத்தெருவாக விற்ற வியாபாரிகள் இருந்தார்கள். தங்கமீன் விற்பவர்களும் இருந்தார்கள். கோடை விடுமுறையில் காண்டாமிருக வண்டு பிடித்து வளர்ப்பது இருபதாம் நூற்றாண்டுச் சிறுவர்களுக்கும் பிடித்த வேலை. நகரங்கள் பெருத்து, மரங்கள் குறைந்து, நாய் பூனை வளர்க்க அனுமதிக்காத அடுக்குமாடி வீடுகள் பெருகிய பிறகுதான் பிராணியின் இடத்துக்குப் பொம்மை வந்தது. அது உயிர்ப் பிராணி வளர்க்கும் ஆசையைத் தூண்டியதா, தணித்ததா என்பதற்கு அந்நாட்டு வரலாறு இரண்டு விதமாகவும் பதில் சொல்கிறது.

முதல் பெரிய பாடம் பொம்மையிலிருந்து வரவில்லை, தொலைக்காட்சியிலிருந்து வந்தது. 1977இல் ரக்கூன் குட்டி ஒன்றை வளர்க்கும் சிறுவனின் கதை, 52 வாரத் தொடராக ஒளிபரப்பானது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெர்லிங் நார்த்தின் நூலைத் தழுவிய தொடர் அது. அந்தக் குட்டியின் உருவம் பொம்மைகளில் இன்றுவரை நீடிக்கிறது. தொடரைப் பார்த்தவர்கள் வட அமெரிக்காவிலிருந்து உயிருள்ள ரக்கூன்களையே வரவழைத்து வாங்கினார்கள். வளர்ந்த ரக்கூன் கடிக்கும், பிறாண்டும், கூண்டின் தாழ்ப்பாளைத் தன் விரல்களால் திறக்கும். கதையின் முடிவில் சிறுவன் அதைக் காட்டில் விடுகிறான். வாங்கியவர்களில் பலரும் அதையே செய்தார்கள். சோளக்கொல்லையிலும் பழத்தோட்டத்திலும் புகுந்து, கோயில் கூரைகளில் குடியேறி, அது நாடெங்கும் பரவிவிட்டது. அயல் உயிரினங்களைக் கட்டுப்படுத்த 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ரக்கூனைப் புதிதாகச் செல்லப்பிராணியாக வளர்ப்பதைத் தடை செய்தது.

1996 நவம்பரில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகோச்சி என்ற பொம்மை இதற்கு நேர் எதிரானது. முட்டை வடிவம், மூன்று பொத்தான்கள், தபால்தலை அளவுத் திரை. திரையில் முட்டை பொரிந்து குஞ்சு வெளிவரும். பசித்தால் ஒலியெழுப்பும், ஊட்ட வேண்டும். கழிவை அகற்ற வேண்டும். நோய் வந்தால் ஊசி போட வேண்டும். தூங்கும்போது விளக்கை அணைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் செத்துவிடும். ஜப்பானியப் பதிப்பில் கல்லறையும் ஆவியும் தோன்றின. அமெரிக்கப் பதிப்பில் அதை மென்மையாக்கித் தேவதையாக மாற்றினார்கள். வகுப்பில் ஒலித்துத் தொல்லை தந்ததால் பல பள்ளிகள் தடை செய்தன. அழகை மட்டும் காட்டாமல், வளர்ப்பதிலுள்ள உழைப்பையும் இழப்பையும் சேர்த்துக் காட்டிய பொம்மை என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. வீட்டில் உயிர்ப் பிராணிக்கு இடமில்லாத குழந்தைக்கு அது உண்மையிலேயே மாற்றாக அமைந்தது.

பெரியவர்களுக்கான மாற்று 1999இல் வந்தது. சோனி நிறுவனத்தின் ஐபோ என்ற இயந்திர நாய் 2,50,000 யென் விலையில் இணையத்தில் விற்பனைக்கு வர, ஜப்பானுக்கு ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிடத்தில் தீர்ந்தன. உற்பத்தி 2006இல் நின்றது. சோனி செய்துவந்த பழுதுபார்ப்பும் 2014இல் நின்றது. அதன்பின் சிபா மாகாணத்தின் இசுமி நகரிலுள்ள புத்தக் கோயில் ஒன்றில், ஓய்ந்துபோன ஐபோக்களை வரிசையாக அடுக்கி, ஊர்ப்பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, ஈமப் பிரார்த்தனை செய்தார்கள். அவற்றின் பாகங்கள் மற்ற ஐபோக்களைப் பழுதுபார்க்கப் பயன்பட்டன. பொம்மை பிராணியின் இடத்தை முழுமையாகப் பிடித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் பூச்சிகளின் விஷயத்தில் கதை மறுபடி திரும்பியது. வெளிநாட்டு வண்டுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு 1999இல் தளர்ந்திருந்தது. 2003இல் சேகா நிறுவனம் முஷிகிங் என்ற வண்டுச் சண்டை விளையாட்டை அறிமுகப்படுத்தியது. 100 யென் போட்டால் இயந்திரத்திலிருந்து ஓர் அட்டை விழும். அதில் ஒரு வண்டின் படமும் வலிமையும் இருக்கும். அதே வண்டு பல்பொருள் அங்காடியில் உயிரோடு கிடைத்தது. தமகோச்சி கேட்ட பராமரிப்பை இந்த அட்டை கேட்கவில்லை. புழுவாக மட்கிய மண்ணில் ஏறத்தாழ ஓராண்டு கிடந்து, வண்டான பின் ஒரு கோடை மட்டுமே வாழும் உள்நாட்டுக் காண்டாமிருக வண்டின் வாழ்க்கை அதில் இல்லை. விற்பனையான அயல்நாட்டு மான்கொம்பு வண்டுகள் தப்பினால் உள்நாட்டு இனத்தோடு கலக்கும், அவற்றோடு வந்த உண்ணிகளும் பரவும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

ஆக, பராமரிப்பையே விளையாட்டாக்கிய பொம்மை உயிர்ப் பிராணிக்கு மாற்றானது. அழகையோ வீரத்தையோ மட்டும் காட்டியது கடைக்கு ஆள் அனுப்பியது. பிராணி மலிவாகவும் எளிதாகவும் கிடைத்த இடங்களில் இரண்டாவது வகையே அதிகக் கேடு செய்தது. அந்தக் கேட்டுக்கு விலை கொடுத்தவை பிராணிகளும் காடுகளும்தான்.