மோட்டு மக்கள்

பப்புவா நியூ கினியின் தெற்குக் கரையில், தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலும் அதன் இருமருங்கிலும் வாழும் மெலனீசிய மக்கள். ஆஸ்திரோனீசிய மொழி பேசுவோர். ஹனுவாபடா, பொரேபடா, போவேரா, பாரி ஆகியவை இவர்களின் பெயர்பெற்ற ஊர்களுள் சில. வேற்று மொழிக்குடும்பத்தினரான கொய்டா மக்கள் நெடுங்காலமாக இவர்களோடு கலந்து வாழ்கின்றனர்.

மழை குறைந்த நிலம். கிழங்கும் வாழையும் ஆண்டு முழுவதற்கும் போதா. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டியது ஹிரி என்னும் கடல்வணிகம். பெண்கள் சக்கரமின்றி, உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிப் பானை வனைந்து திறந்தவெளியில் சுட்டனர். குடைந்த மரங்கள் பலவற்றைப் பிணைத்து, நண்டுக் கொடுக்கு வடிவப் பாய் கட்டிய லகடோய் கலங்களில் ஆண்கள் பானைகளை ஏற்றி, லௌராபடா என்னும் தென்கிழக்குக் காற்று ஓயுமுன் மேற்கே பப்புவா வளைகுடாவுக்குச் சென்றனர். சேகோப் பனை மாவும் புதுக் கலங்களுக்கான மரங்களும் பெற்று, சில மாதங்கள் கழித்து லஹாரா என்னும் வடமேற்குக் காற்றில் திரும்பினர். பயணத் தலைவன் நோன்பு காத்தான்; வீட்டில் அவன் மனைவியும் காத்தாள். கடலோடிகளின் துணிவு போற்றத்தக்கதே. ஆயினும் ஹிரியின் மூலதனம் பெண்களின் கைவேலை என்பதை மறக்கலாகாது. போவேராவைச் சேர்ந்த ஏடாய் சியாபோ என்பவருக்குக் கடல் தெய்வம் ஒன்று இவ்வணிகத்தைக் கற்பித்தது என்பது மரபுக் கதை.

1872இல் லண்டன் மிஷன் சங்கத்தின் பாலினீசியப் போதகர்கள் மனுமனு என்னும் கரையோர ஊரில் வந்திறங்கினர். 1874இல் அதே சங்கத்தின் மிஷனரி வில்லியம் லாஸ் வந்தார். 1884இல் இக்கரை பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. மிஷன் ஆடலைக் கண்டித்தது. பெண்களின் பச்சை குத்தலும் நாளடைவில் அருகியது. எனினும், பாலினீசியர் கற்பித்த பெரொவேட்டா பாடல்கள் இன்று மோட்டு மக்களின் சொந்தப் பாடல்களாகவே தேவாலயங்களில் ஒலிக்கின்றன.

இரண்டாம் உலகப் போரில் ஹனுவாபடா மக்கள் வெளியேற்றப்பட்டனர், ஊர் எரிந்தது. போருக்குப்பின் அறுத்த பலகையாலும் தகரத்தாலும் கடல்மேல் மீண்டும் வீடுகள் எழுந்தன. நகரத்துக் கூலி வேலையும் கடை அரிசியும் வந்தபின் ஹிரி பயணம் அருகி நின்றது.

கொடுக்கல் வாங்கல் உறவு மட்டும் நிற்கவில்லை. அது திருமணத்திற்குள் குடியேறியது எனலாம். மணமகன் வீட்டார் தரும் பரிசத்தில் டோயா என்னும் சங்கு வளைகளோடு இன்று பணக் கட்டுகளும் அரிசி மூட்டைகளும் சேர்கின்றன. 1975இல் வந்த தேசிய நாணயத்தின் நூறில் ஒரு பங்கிற்கும் டோயா என்றே பெயர். காலனியக் காவலர்கள் பரப்பிய எளிய மோட்டு மொழி, ஹிரி மோட்டு என்ற பெயரில் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ளது. ஹிரி மோவாலே விழாவில் லகடோய் மீண்டும் கரை சேர்கிறது. தலைநகர் தங்கள் மூதாதையர் நிலத்தில் வளர்ந்தது என்பதால், அதன்மீதான உரிமைக்காக மோட்டு, கொய்டா மக்கள் தங்கள் பேரவை வழியாக இன்றும் குரல் எழுப்பி வருகின்றனர்.