குடும்பமும் சமூகமும் இரு கண்கள்: ஜானகி ஆதி நாகப்பன் அம்மையார் வாழ்க்கை வரலாறு

மலேசிய இந்தியர்களின் வரலாற்றில் பெண்மணிகள் ஆற்றிய தொண்டு பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வராமலே போயிற்று. அவ்வாறு மறைந்துவிடாமல், எண்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, இல்லறத்திலும் பொதுவாழ்விலும் ஒருசேரச் சிறந்து விளங்கியவர் புவான் ஸ்ரீ டத்தின் ஜானகி ஆதி நாகப்பன் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1925ஆம் ஆண்டு கோலாலம்பூரில் வசதி படைத்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். 1943ஆம் ஆண்டு, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் கோலாலம்பூருக்கு வந்து உரையாற்றினார். வீட்டாரிடம் சொல்லாமல் அக்கூட்டத்திற்குச் சென்ற ஜானகி, உரையைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்து, தம் காதில் இருந்த தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

பெண்களுக்கென ஜான்சி ராணிப் படை அமைக்கப்படும் செய்தி வந்ததும், அதில் சேரவேண்டும் என்று வீட்டில் கேட்டார். தந்தையார் முதலில் இணங்கவில்லை. திருமணமாகாத மகளைத் துப்பாக்கி ஏந்த அனுப்ப எந்தத் தகப்பனின் மனம்தான் ஒப்பும்? படைத்தலைவி கேப்டன் லட்சுமி நேரில் வந்து எடுத்துரைத்த பின்னரே அவர் கையொப்பமிட்டார். பெற்றோரை எதிர்த்து ஓடிப்போகாமல், அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றே ஜானகி புறப்பட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. செல்வமாக வளர்ந்த பெண்ணும், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண்ணும் அங்கே ஒரே வரிசையில் நின்று, ஒரே உணவை உண்டனர். சாதியும் வசதியும் வகுத்த வேலிகள் அம்முகாமில் தகர்ந்தன. பின்னர்ப் பர்மா சென்ற ஜானகி, படையின் பொறுப்பான பதவிக்கு உயர்ந்தார். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்க நேர்ந்தபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் ராணிகள் பாங்காக்கை நோக்கிச் சென்றனர். நேதாஜியும் அவர்களோடு நடந்தார். பெற்றோர் நம்பி அனுப்பிய பெண்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும் பொறுப்பு அப்போது இருபதே வயதான ஜானகியின் தோளிலும் இருந்தது.

போர் ஓய்ந்தது; தொண்டு ஓயவில்லை. போரினால் நோயும் வறுமையும் தோட்டங்களை வாட்டியபோது, 1946இல் இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு இணைந்து அம்மையார் பணியாற்றினார். அதே ஆண்டு ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது, அதன் தொடக்க கால உறுப்பினர்களுள் ஒருவராக விளங்கினார்.

வழக்கறிஞர் ஆதி நாகப்பனை மணந்து இல்லறம் ஏற்றார். ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவரும் அமைச்சராக இருந்தவருமான கணவர் 1976இல் காலமானார். அத்துயரத்திலும் அம்மையார் வீட்டுக்குள் ஒடுங்கிவிடவில்லை. நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் சமூகத் தொண்டராகவும் அவர்தம் பணி தொடர்ந்தது. 2000ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. 2014 மே 9ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார்.

தோட்டங்களை விட்டு நகரத்திற்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல வாழும் கம்போங் மேடான் போன்ற இடங்களில், பாட்டிமாரின் பழங்கதைகள் அவர்களோடே மறைந்து வருகின்றன. அவர்களுள் ஜப்பானியர் காலத்தைக் கண்டவர் இன்று மிகச் சிலரே. அவர்களிடம் பேரப்பிள்ளைகள் அமர்ந்து கேட்டு எழுதி வைப்பார்களாயின், அதுவும் ஓர் ஆலயத் திருப்பணிக்கு நிகரான புண்ணியமேயாகும்.